உதிர்ந்தது 163 இலை: என் முதிய ஜேட் செடிக்கு வாங்கிய மண்தொட்டியும் மற்ற நான்கு பொருட்களும்

என்னிடம் இருக்கும் ஜேட் செடிக்கு (தடித்த இலைகளில் நீர் சேமிக்கும் வீட்டுச்செடி) 21 வயது. இந்த வருடம் அது திடீரென்று இலை கொட்டத் தொடங்கியபோது, பயத்தில் ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து பொருட்கள் வாங்கினேன். மண்ணின் ஈரம் காட்டும் மீட்டர், ஒரு பாட்டில் சத்துத் திரவம், ஒரு மூட்டை நுரைக்கல், பூச்சு இல்லாத சுட்ட மண்தொட்டி, செடிகளுக்கான எல்.இ.டி. விளக்கு. ஏழு மாதம் ஆகிறது. செடி பிழைத்துவிட்டது. எது கைகொடுத்தது, எது காலை வாரியது என்று இப்போது நிதானமாகச் சொல்ல முடிகிறது. என்னைப் போலவே ஒரு பழைய செடியின் முன்னால் உட்கார்ந்து எதை வாங்குவது என்று தவித்துக்கொண்டிருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மண்தொட்டிக்கு ஐந்துக்கு ஐந்து. நுரைக்கல்லுக்கும் அதேதான். விளக்குக்கு மூன்றரை. மீட்டருக்கு ஒன்று. அந்த ஒன்றும் அதன் நீளமான கம்பிக்காக மட்டும். சத்துத் திரவத்துக்கு மதிப்பெண் போடவில்லை, ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இந்தச் செடி பெரியம்மா கொடுத்தது. அவர் வீட்டுச் செடியிலிருந்து ஒரு சாண் கிளையை ஒடித்து, செய்தித்தாளில் சுற்றிக் கையில் வைத்தார். “போனதும் நட்டுடாதே கண்ணு, ஒரு வாரம் சும்மா கிடக்கட்டும், ஒடிச்ச இடம் காயணும்” என்றார். அது வேர் பிடித்து நிமிர்ந்த பிறகு ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, “இதுக்குத் தண்ணி ஊத்தணும்னு ஞாபகம் வெச்சுக்காதே, மறந்து மறந்து ஊத்து” என்றார். அவர் போய் ஒன்பது வருடம் ஆகிறது. செடி இப்போது 75 சென்டிமீட்டர் உயரம். அடித்தண்டு என் மணிக்கட்டைவிடத் தடிமன், பழுப்பாகப் பட்டை கட்டி, சுருக்கம் விழுந்து, குட்டி மரம் போலவே இருக்கும். அவர் கையால் தொட்ட பொருள் என்று என்னிடம் உயிரோடு இருப்பது இது ஒன்றுதான். அதனால் இலை கொட்டியபோது எனக்கு வெறும் செடி வாடுகிறது என்று தோன்றவில்லை.

வயதான ஜேட் செடி அவ்வப்போது இலை உதிர்ப்பது இயல்பு. அடியில் இருக்கும் பழைய இலை தன் சாற்றை மேலே கொடுத்துவிட்டு, மெல்லியதாகச் சுருங்கி, காகிதம் போலக் காய்ந்து விழும். விழுந்த இடத்தில் தண்டைச் சுற்றி ஒரு மெல்லிய வளையம் தெரியும். வாரத்துக்கு ஒன்றிரண்டு அப்படி விழுந்தால் கவலையே வேண்டாம். எனக்கு நடந்தது அப்படி அல்ல. முதலில் நாளுக்கு இரண்டு, மூன்று. பிறகு ஒரு காலையில் எழுந்து பார்த்தால் தரையில் 11 இலைகள். எல்லாம் பச்சையாக, கொழுகொழுவென்று, நல்ல இலைகள். கிளை நுனியில் இருந்தவைகூட விழுந்திருந்தன. ஜன்னல் திரை உரசினாலே இரண்டு விழும். நான் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள், எதையும் எண்ணி எழுதிவைப்பது பழக்கம். அன்றிலிருந்து உதிர்ந்த இலைகளை எண்ணத் தொடங்கினேன்.

விழுந்த இலையே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும் என்பதை இந்த ஏழு மாதத்தில் கற்றேன். தோல் சுருங்கி, அமுக்கினால் மடங்கும் இலை என்றால் செடிக்குத் தாகம். மஞ்சளாகி, வெளிச்சத்தில் பிடித்தால் கண்ணாடி போலத் தெரிந்து, அமுக்கினால் நீர் கசியும் இலை என்றால் தண்ணீர் மிஞ்சிவிட்டது. கணுவுக்கும் கணுவுக்கும் இடைவெளி நீண்டு, கிளை மெலிந்து சாய்ந்து, இலைகள் சிறுத்து விழுந்தால் வெளிச்சம் போதவில்லை. பச்சையாக, கெட்டியாக இருக்கும் இலையே தொட்டதும் விழுகிறது என்றால்தான் சிக்கல். இடம் மாற்றியதாலோ குளிர்காற்று பட்டதாலோ அப்படி ஆகலாம், ஆனால் அந்த இரண்டும் இல்லையென்றால் அடுத்து வேரைத்தான் சந்தேகப்பட வேண்டும். என் செடி இடம் மாறவில்லை. எனக்கு அப்போது இதெல்லாம் தெரியாது. தாகமாக இருக்கும் என்று நினைத்தேன்.

அந்த நினைப்பில் வாங்கியதுதான் மீட்டர்.

பேட்டரி கிடையாது. மண்ணில் குத்த இரண்டு உலோகக் கம்பிகள், மேலே ஒன்று முதல் பத்து வரை எண்கள், சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பகுதிகள். தொட்டியின் ஓரமாகக் குத்தினேன். முள் ‘2’-ல் நின்றது. சிவப்புப் பகுதி, அதாவது ‘காய்ந்துவிட்டது’. தண்ணீர் ஊற்றினேன். நான்கு நாள் கழித்து மறுபடி ‘2’. மறுபடி ஊற்றினேன். அந்த வாரம் மட்டும் 38 இலை விழுந்தது. இதை எழுதும்போதுகூட எனக்கு மனசு கனக்கிறது. பெரியம்மா சொன்னதை விட்டுவிட்டு ஒரு முள்ளை நம்பினேன்.

இந்த மீட்டர் ஈரத்தை நேரடியாக அளப்பதில்லை. இரண்டு வேறு உலோகங்களுக்கு இடையே ஈரமான மண் வழியாக உண்டாகும் சின்ன மின்னோட்டத்தைத்தான் அந்த முள் காட்டுகிறது. மண் கம்பியோடு ஒட்டாமல் இடைவெளியோடு இருந்தால் ஈரம் இருந்தும் ‘காய்ந்துவிட்டது’ என்று காட்டும். உப்பும் உரமும் சேர்ந்த மண்ணாக இருந்தால் கொஞ்ச ஈரத்துக்கே ‘நனைந்துவிட்டது’ என்று காட்டும். பிறகு நானே சோதித்துப் பார்த்தேன். ஒரு கண்ணாடிக் குவளையில் காய்ச்சி வடித்த நீரை ஊற்றி மீட்டரை உள்ளே விட்டேன். முழுக்க முழுக்கத் தண்ணீருக்குள் நின்றுகொண்டு முள் ‘3’-ஐத் தாண்டவில்லை. ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் கலக்கினேன், ‘10’-க்குப் பாய்ந்தது. இதைப் பார்த்த பிறகு அதை மண்ணில் குத்த மனம் வரவில்லை. வெறும் தோட்டமண்ணில், தினமும் ஒரே இடத்தில், நேற்றைக்கு இன்றைக்கு என்று ஒப்பிட்டுப் பார்க்க ஒருவேளை உதவலாம். கல்லும் துகளுமாக இருக்கும் சக்குலெண்ட் (ஜேட் போன்ற சதைப்பற்றுள்ள செடிகள்) மண்ணுக்கு அது ஆகாது. சீவிய மரக்குச்சி ஒன்றை அடிவரை செருகி, பத்து நிமிடம் விட்டு எடுத்து, கன்னத்தில் வைத்துப் பாருங்கள். ஜில்லென்று இருந்தால் ஈரம் இருக்கிறது. இதில் தவறே நேராது என்று சொல்ல மாட்டேன், ஆனால் மீட்டரைவிட உண்மை பேசும்.

மூன்றாவது வாரம் தொட்டியிலிருந்து செடியை எடுத்துவிட முடிவு செய்தேன். அது இருந்த தொட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் தப்பு அங்கேதான் தொடங்கியது. மூன்று வருடத்துக்கு முன், பழைய தொட்டி விரிசல் விட்டதால், நீலப் பூச்சு பூசிய அழகான பீங்கான் தொட்டி ஒன்று வாங்கி மாற்றியிருந்தேன். 14 அங்குல வாய். அடியில் விரல்நுனி அளவுக்கு ஒரே ஒரு துளை. மண், பையில் வரும் ‘சக்குலெண்ட் கலவை’. எந்த நிறுவனம் என்று சொல்வதில் பலனில்லை, பிறகு நான் பிரித்துப் பார்த்த வேறு இரண்டு பைகளிலும் இதேதான் இருந்தது. பெரும்பகுதி தூளான கோகோபீட்டும் (தேங்காய் நார்த்தூள்) பீட்டும் (மக்கிய சதுப்புநிலப் பாசி), கண்துடைப்புக்குக் கொஞ்சம் பெர்லைட் (பொரித்த வெள்ளைக் கல்துகள்), கொஞ்சம் மணல்.

தரையில் பழைய போர்வை விரித்து, தம்பியை அழைத்து, இருவருமாகச் சாய்த்து இழுத்தோம். வந்துவிட்டது. வேரே பிடிமானம் இல்லாததால்தான் அவ்வளவு எளிதாக வந்தது. ஓரத்திலும் மேலேயும் மண் பொடிப்பொடியாகக் காய்ந்திருந்தது. நடுவில், பழைய வேர்க்கட்டியைச் சுற்றி, பிழிந்தால் நீர் சொட்டும். தேங்கிய சாக்கடை போல ஒரு வாடை. பீட் ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரை உள்ளே விடாது. நான் ஊற்றியது எல்லாம் காய்ந்த பகுதியை விட்டு விலகி, ஈரமாகவே இருந்த நடுவுக்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. மீட்டரை நான் குத்தியது ஓரத்தில்.

நல்ல வேர் வெளுப்பாகவோ இளம்பழுப்பாகவோ, இழுத்தால் நிற்கும்படி இருக்கும். அழுகிய வேரைப் பிடித்து இழுத்தால் மேல்தோல் உறை போல உருவிக்கொண்டு வந்துவிடும், உள்ளே நூல் மட்டும் மிஞ்சும். என் செடியில் முக்கால்வாசி அப்படி உருவிக்கொண்டு வந்தது. காற்று புகாத ஈரத்தில் வேர் முதலில் மூச்சுமுட்டிச் சாகிறது, பிறகு பித்தியம், பைட்டாப்தோரா போன்ற கிருமிகள் அதில் குடியேறுகின்றன. வேர் போனால் மேலே அத்தனை இலைக்கும் நீர் கொடுக்க ஆள் இல்லை. சேமித்து வைத்த நீர் இலைக்குள் இருக்கும்போதே செடி அதைக் கழற்றி விடுகிறது. பச்சை இலை விழுந்ததன் கணக்கு அதுதான்.

இந்த இடத்தில் பயந்து மண்ணோடு திரும்ப வைத்துவிடாதீர்கள். ஆல்கஹாலால் துடைத்த கத்தியால் அழுகியதை முழுவதும் வெட்டினேன், வெட்டிய முகம் வெளுப்பாகத் தெரியும்வரை. மிஞ்சிய மண்ணைக் கழுவி எடுத்தேன். இரண்டு மெல்லிய கிளைகளையும் வெட்டிக் காயவைத்தேன், முதன்மைச் செடி போய்விட்டால் வாரிசு வேண்டுமே. கணுக்களைச் சோதித்தபோது நான்கைந்து இடத்தில் பஞ்சு ஒட்டியது போல மாவுப்பூச்சி இருந்தது. 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் காதுப்பஞ்சுக் குச்சியை நனைத்து ஒவ்வொன்றாகத் துடைத்தேன், வாரம் ஒருமுறை, நான்கு வாரம். பிறகு செடியை நிழலில், செய்தித்தாள் மேல், ஆறு நாள் படுக்க வைத்தேன். மண் இல்லாமல், தண்ணீர் இல்லாமல். பார்க்கச் சகிக்காது. ஆனால் வெட்டுக்காயம் காயாமல் நட்டால் திரும்ப அழுகும். “ஒரு வாரம் சும்மா கிடக்கட்டும்” என்ற குரல் அந்த ஆறு நாளும் காதில் இருந்தது.

அந்த நாட்களில்தான் நுரைக்கல்லைப் பற்றிப் படித்து வரவழைத்தேன். எரிமலைக் கல். கையில் எடுத்தால் கனமே இல்லை, கண்ணுக்குத் தெரியும்படி ஓட்டை ஓட்டையாக இருக்கும். வாங்கும்போது பருமன் பாருங்கள். 3 முதல் 6 மில்லிமீட்டர் என்று எழுதியிருந்தது, ஆனால் மூட்டையில் ஐந்தில் ஒரு பங்கு தூளாக இருந்தது. சல்லடையில் சலித்து, கழுவித்தான் பயன்படுத்தினேன். இது ஒரு குறை. தூளைச் சலிக்காமல் போட்டால் அது இறங்கி அடியில் சேறாகக் கட்டிக்கொள்ளும், நாம் கொடுத்த காசுக்கு அர்த்தம் இல்லாமல் போகும். சலிக்கும்போது மூக்கைத் துணியால் மூடிக்கொள்ளுங்கள்.

நம்பிக்கை வர ஒரு சோதனை செய்தேன். இரண்டு தண்ணீர் பாட்டில்களை மேலே வெட்டி, அடியில் ஒரே அளவு துளை போட்டு, ஒன்றில் பை மண், ஒன்றில் சலித்த நுரைக்கல் நிரப்பினேன். இரண்டிலும் ஒரே அளவு தண்ணீர். சொட்டுவது நின்ற பிறகு பார்த்தால், பை மண்ணில் அடியிலிருந்து நான்கு விரல் உயரத்துக்குக் கருப்பாக, நீரில் ஊறி நின்றது. மறுநாளும் அப்படியேதான். நுரைக்கல்லில் அரை விரல்கூட இல்லை. எந்தத் தொட்டியிலும் தண்ணீர் முழுவதும் வடிவதில்லை. துகள் எவ்வளவு மெலிதோ அவ்வளவு உயரத்துக்கு அடியில் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். துளை பெரிதாக இருந்தாலும் அது மாறாது. இன்னொரு பாட்டிலில் அடியில் கூழாங்கல் பரப்பி மேலே பை மண் போட்டும் பார்த்தேன். நான்கு விரல் ஊறிய பகுதி அப்படியே கூழாங்கல்லுக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொண்டது. நானும் இத்தனை வருடம் ‘வடிகாலுக்கு’ என்று அடியில் கல் போட்டு வந்தவள்தான். இனி போட மாட்டேன்.

கடைசியில் நான் கலந்தது: மூன்று பங்கு நுரைக்கல், ஒரு பங்கு பெர்லைட், ஒரு பங்கு அந்தப் பழைய வகைப் பை மண், அதுவும் சலித்துத் தூள் நீக்கியது. பெர்லைட் இல்லாமலும் இருந்திருக்கலாம். தண்ணீர் ஊற்ற ஊற்ற மிதந்து மேலே வந்துவிடுகிறது, விரலில் நசுங்கிவிடுகிறது. நுரைக்கல் அதே வேலையை நின்று செய்கிறது.

இப்போது தொட்டி. இதற்காகத்தான் இந்த மதிப்புரையையே எழுதத் தொடங்கினேன்.

10 அங்குல வாய், 9 அங்குல உயரம், அடியில் 2.5 சென்டிமீட்டர் துளை ஒன்று. உள்ளேயும் வெளியேயும் எந்தப் பூச்சும் இல்லாத சுட்ட மண். தட்டிப் பார்த்தால் ‘ணங்’ என்று தெளிவான ஓசை வந்தது, அப்படி வந்தால் விரிசல் இல்லை. முன்பு இருந்தது 14 அங்குலம், ஏன் சிறியது என்று தம்பி கேட்டான். தொட்டி வேருக்குப் பொருந்த வேண்டும், கிளைக்கு அல்ல. மிஞ்சிய வேர் இரண்டு கை அளவுதான் இருந்தது. அதற்குப் பெரிய தொட்டி கொடுத்தால் வேர் எட்டாத மண் முழுவதும் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். சிறிய தொட்டியில் இவ்வளவு உயரமான செடி கவிழாதா என்ற கேள்வி நியாயம்தான். மண்தொட்டியின் கனம் தாங்கிக்கொண்டது, முதல் மூன்று மாதம் இரண்டு மூங்கில் குச்சிகளோடு கட்டியும் வைத்தேன்.

பூச்சில்லாத மண்சுவர் செய்யும் வேலை கண்ணுக்கே தெரியும். தண்ணீர் ஊற்றிய ஒரு மணி நேரத்தில் தொட்டியின் வெளிப்புறம் கருத்துவிடும். அதைத் தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும், சுவர் வழியாக நீர் ஆவியாகிக்கொண்டிருக்கிறது. இரண்டாம் நாள் மேலிருந்து வெளுக்கத் தொடங்கி, நான்காம் ஐந்தாம் நாளில் அடிவரை வெளுத்துவிடும். பீங்கான் தொட்டியில் நீர் வெளியேற மேல்பரப்பும் ஒரு துளையும்தான் வழி. இதில் சுற்றுச்சுவர் முழுவதுமே வழி. அந்த நிறமாற்றம் எனக்கு எந்த மீட்டரையும்விடப் பெரிய உதவி. சுவர் அடிவரை வெளுத்த பிறகும் நான் சில நாள் பொறுத்திருப்பேன்.

கூடவே பெட்டி எடை பார்க்கும் தொங்கு தராசு ஒன்று வீட்டில் இருந்தது. கயிறு கட்டித் தொட்டியோடு தூக்கி எடை பார்க்கிறேன். நன்றாகத் தண்ணீர் ஊற்றி வடிந்த பிறகு 12.4 கிலோ. முழுவதும் காய்ந்தால் 10.8 கிலோ. இந்த இரண்டு எண்ணும் தெரிந்துவிட்டால் மண்ணுக்குள் என்ன நடக்கிறது என்று யூகிக்கத் தேவையில்லை. 10.8-க்கு வந்து, அடி இலை ஒன்றை விரலால் வளைத்தால் சற்று இளகினால், அப்போது ஊற்றுகிறேன். ஊற்றும்போது கொஞ்சமாக அல்ல, அடித்துளையில் தாராளமாக ஓடும்வரை. தட்டில் நின்ற நீரை உடனே கொட்டிவிடுகிறேன். வெயில் நாட்களில் எட்டு நாளுக்கு ஒருமுறை வருகிறது, குளிர் நாட்களில் 20 நாள்கூட ஆகிறது. நாள் கணக்கு வைத்து ஊற்றினால் இரண்டில் ஒன்று தப்பாகத்தான் போகும்.

தொட்டியின் குறைகளையும் சொல்ல வேண்டும். காலியாகவே கனம், செடியோடு சேர்த்துத் தூக்கி நகர்த்துவது சிரமம். வாய் ஓரம் சின்ன இடிக்கே சில்லு விட்டுவிட்டது. மூன்றாம் மாதத்திலிருந்து வெளிப்புறம் வெள்ளையாக உப்புப் பூக்கிறது. நீரில் கரைந்திருக்கும் உப்புகள் சுவர் வழியாக வந்து படிவதுதான் அது, செடிக்குக் கெடுதல் இல்லை, ஈரத்துணியால் துடைத்தால் போகும், திரும்ப வரும். அதோடு கொடுத்த மண் தட்டை நம்பாதீர்கள். அதுவும் பூச்சில்லாதது என்பதால் அதன் அடியே ஈரம் கசிந்து என் மரத்தரையில் வட்டமாகக் கறை விழுந்துவிட்டது. இப்போது அடியில் ஒரு பிளாஸ்டிக் தட்டு வைத்திருக்கிறேன். வேர்கள் உட்சுவரில் ஒட்டிப் பிடித்துக்கொள்வதால் அடுத்தமுறை தொட்டி மாற்றும்போது உடைத்துத்தான் எடுக்க வேண்டி வரலாம். வெப்பமான, காற்று அடிக்கும் இடத்தில் செடியை வைத்துவிட்டு வாரக்கணக்கில் வெளியூர் போகிறவர்களுக்கு இது சரிவராது. இத்தனையும் சேர்த்துத்தான் ஐந்துக்கு ஐந்து என்கிறேன்.

நட்ட பிறகு எட்டு நாள் தண்ணீர் ஊற்றவில்லை. அடுத்துச் சொல்வதைத் தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு யாரும் சொல்லாததால் மிகவும் தவித்துப்போனேன். சரியான தொட்டி, சரியான மண், எல்லாம் மாற்றிய பிறகும் இலை விழுவது நிற்கவில்லை. முதல் வாரம் 19, இரண்டாம் வாரம் 22, மூன்றாம் வாரம் 9. இருக்கும் கால்வாசி வேருக்குத் தாங்கும் அளவுக்கு இலையைக் குறைத்துக்கொள்கிறது செடி. அந்த நாட்களில்தான் கை பரபரக்கும். இன்னொரு முறை பிடுங்கிப் பார்க்கலாமா, இடம் மாற்றலாமா, ஏதாவது ஊற்றலாமா என்று தோன்றும். ஒன்றும் செய்யாதீர்கள். நான்காம் வாரம் 3 விழுந்தது. ஐந்தாம் வாரம் ஒன்றுமில்லை. மொத்தம் 163.

சத்துத் திரவத்தை வாங்கியது இந்தத் தவிப்பில்தான். பாட்டிலின் மேல் ‘இலை உதிர்வை நிறுத்தும்’ என்று பெரிய எழுத்தில் இருந்தது. பின்பக்கம் திருப்பினால் நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம், அதாவது சாதாரண உரம்தான். வேர் இல்லாத செடிக்கு உரம் கொடுத்தால், உறிஞ்ச முடியாமல் உப்பாக மண்ணில் தங்கி, மிஞ்சிய வேரையும் கருக்கும். மூடியைத் திறக்காமல் வைத்துவிட்டேன். பயன்படுத்தாத பொருளுக்கு மதிப்பெண் போடுவது நியாயமில்லை. ஆனால் அந்த வாசகம் நியாயமில்லை என்று சொல்லலாம். பச்சை இலை விழுவதைப் பார்த்து நடுங்கிப் போயிருக்கும் ஒருவரின் கையில் அது தப்பான பாட்டில்.

விளக்கு கடைசியாக வந்தது. என் ஜன்னலுக்கு வெளியே கட்டடம் எழும்பியதால் வெளிச்சம் குறைந்துபோயிருந்தது. வெளிச்சம் குறைந்தால் செடி நீர் குடிப்பதும் குறையும், மண் காய்வது இன்னும் தாமதமாகும். அதனால் விளக்கும் வேரழுகலுக்கு மருந்தின் ஒரு பகுதிதான். மேலே கவ்வி மாட்டும் வகை. இலைநுனியிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் வைத்தேன், முதல் வாரம் நான்கு மணி நேரம், பிறகு மெல்ல 12 மணி நேரம். எடுத்த எடுப்பிலேயே அதிக வெளிச்சம் காட்டினால் இலையில் பழுப்புத் தழும்பு விழும், அது ஆறாது. இலை ஓரம் சிவப்பது அப்படியல்ல, அது நல்ல வெளிச்சத்தின் அடையாளம். கவ்வி பலவீனம், இரண்டு முறை தானாகக் கீழே சாய்ந்தது. அதற்காகத்தான் ஒன்றரை மதிப்பெண் குறைத்தேன்.

இரவில் விளக்கை அணைத்துவிட வேண்டும். இந்தக் குடும்பத்துச் செடிகள் பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவில் திறந்து கரியமில வாயுவை உள்ளே இழுத்து, மாலிக் அமிலம் என்ற புளிப்புப் பொருளாகச் சேர்த்து வைக்கும். பகல் வெளிச்சம் வந்ததும் அதை எடுத்து உணவாக்கும். பகல் வெயிலில் நீர் வீணாகாமல் இருக்க அது கண்டுபிடித்த வழி. பெஞ்சமின் ஹெய்ன் என்ற தாவரவியலாளர் ரணகள்ளி இலையை மென்று பார்த்து, காலையில் புளிக்கிறது, பொழுது ஏற ஏறப் புளிப்பு போய்விடுகிறது என்று எழுதிய கடிதம் 1815-ல் வெளியானது. ரணகள்ளியும் ஜேட்டும் ஒரே குடும்பம். இதைப் படித்த நாளிலிருந்து இரவு எட்டு மணிக்கு விளக்கு அணைவதைப் பார்க்கும்போது, செடி மூச்சு விடத் தொடங்குகிறது என்று நினைத்துக்கொள்வேன். நேரம் வைத்து அணைக்கும் டைமர் விளக்கோடே வந்தது, அது நன்றாக வேலை செய்கிறது. ஜேட் இலையை நீங்கள் மென்று பார்க்க வேண்டாம். பூனை, நாய் வளர்ப்பவர்கள் உதிர்ந்த இலைகளை உடனே பொறுக்கிவிடுங்கள், அவற்றுக்கு அது நஞ்சு.

பொறுக்கிய இலைகளில் கெட்டியானவற்றை நான் எறியவில்லை. ஒரு தட்டில் நுரைக்கல் பரப்பி மேலே சும்மா வைத்தேன். இந்தச் செடியின் சொந்த நிலம் தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப், குவாசூலு-நடால் பகுதிகளும் மொசாம்பிக்கும். அங்கே பாறைச் சரிவுகளில் உதிர்ந்த இலையும் ஒடிந்த கிளையும் விழுந்த இடத்திலேயே வேர்விட்டுப் புதுச்செடி ஆகும். என் தட்டில் 40 இலை வைத்ததில் 26 இலையின் அடிமுனையில் இளஞ்சிவப்பாக வேர் வந்தது, ஒன்பதில் இப்போது குட்டி இலைகளும் இருக்கின்றன. வெட்டிக் காயவைத்த இரண்டு கிளைகளும் பிடித்துவிட்டன. ஒன்று தம்பி வீட்டுக்குப் போய்விட்டது. செய்தித்தாளில் சுற்றித்தான் கொடுத்தேன்.

பெரிய செடியில் முதல் துளிர் ஏழாவது வாரம் வந்தது. இலை விழுந்து மொட்டையாகிப்போன ஒரு கிளையில், பழைய இலைத்தழும்பு வளையத்துக்கு மேலே, எதிரெதிராக இரண்டு பச்சைப் புள்ளிகள், கடுகளவு. கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தும் நம்பிக்கை வராமல், கைபேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். இப்போது 31 இடங்களில் அப்படி இரட்டையிரட்டையாக வந்திருக்கிறது. கீழ்ப்பக்கம் இரண்டு கிளைகளில் மட்டும் ஒன்றுமே வரவில்லை, சுருங்கிவிட்டன. இன்னொரு மாதம் பார்த்துவிட்டு வெட்டிவிடுவேன்.

இன்று காலை எடை 11.1 கிலோ. இன்னும் இரண்டு மூன்று நாள் போகட்டும்.